கல்வீட்டின் முன்கதவு

அந்த வீட்டை நான் அளக்கத் தொடங்கியது கோபத்தில்தான்.

யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவள் நான். கடைசி ஐந்தாறு வருடம் புதுக் கட்டடம் எதையும் வரையவில்லை. ஷெல் விழுந்த வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய், மிஞ்சி நிற்பதை அளந்து, எந்தச் சுவர் தாங்கும், எதை இடித்துத் தள்ள வேண்டும் என்று படத்தில் குறிப்பதுதான் வேலை. ஒரு வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதைக் கட்டியவன் எங்கே சிரத்தை எடுத்தான், எங்கே ஏமாற்றினான் என்பது தெரிந்துவிடும். எனக்கு அப்படி வெட்டிக் காட்டியவை ஷெல்கள். சில வீடுகளில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நாள்கூட ஆகியிருக்காது. நிலத்தில் இரத்தத்தைச் சுற்றி நடந்து அளவு நாடாவைப் பிடித்திருக்கிறேன்.

நானும் கணவரும் ஒக்லாந்துக்கு வந்த இரண்டாவது வருடம், தொண்ணூறுகளின் நடுவில், என் சான்றிதழ்கள் இந்த நாட்டில் செல்லாது என்று ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை, நாலு வரி. படித்து முடித்ததும் பெட்டியின் அடியில் கிடந்த உருக்கு நாடாவை எடுத்தேன். முதலில் குசினியை அளந்தேன். பிறகு இரண்டு அறைகளையும். நான் பென்ரோஸில் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பெட்டி மட்டையில் அளவுகளைக் குறித்தேன். நாடா திரும்பச் சுருளும்போது பெருவிரலைக் கீறியது. நான் நிறுத்தவில்லை.

வீடு மவுண்ட் வெல்லிங்டன் மலையின் அடிவாரத்தில், இரண்டு பக்கமும் சாமான் கிடங்குகளுக்கு நடுவே இருந்தது. ஒரு காலத்தில் அது பெரிய பண்ணையின் வீடு. பண்ணையைக் கல்லுடைப்பவர்களும் தொழிற்சாலைக்காரர்களும் துண்டு துண்டாக வாங்கி முடித்த பிறகு வீடு மட்டும் மிஞ்சியிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் முன்னால் விறாந்தை வைத்த மரவீடு, தகரக் கூரை, நீண்ட யன்னல்கள். பின்பக்கம் போனால் அது வேறு வீடு. கறுப்பு எரிமலைக் கல்லால் கட்டிய இரண்டு அறைகள், தலை இடிக்கும் கதவுகள், அதற்குப் பின்னால் சாய்ப்பாக இறக்கிய ஒரு குசினி. நாங்கள் வாடகைக்கு இருந்தது இந்தப் பின்பக்கத்தில். முன்பக்க மரவீட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

இரண்டு கிழமை அளந்த பிறகு வீட்டின் கதை எனக்குப் பிடிபடத் தொடங்கியது; மிச்சம் பிறகு முன்பக்கத்தை அளந்தபோது விளங்கியது. முதலில் வந்த பண்ணைக்காரன் நிலத்தில் புரட்டிய கல்லை எடுத்து, இரண்டடித் தடிப்பில் சுவர் வைத்து, இரண்டு அறைக் கல்வீடு கட்டியிருந்தான். சுவர் ஒன்றில் இரும்புக் கொழுக்கி பதித்த இடம் இருந்தது, ஆட்டை உரித்துத் தொங்கவிட. அவனுக்குப் பின் வந்தவர்களுக்குக் கறுப்புக் கல் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கவ்ரி என்ற இந்த நாட்டு மரத்தால் நான்கு அறைகளை முன்னால் ஒட்டி, தெருவுக்கு மரமுகத்தைக் காட்டினார்கள். மர அறைகளுக்கு நடுவே ஒரு நடைவழி வாசலிலிருந்து நேரே பின்னால் ஓடி, கல்வீட்டின் பழைய முன்கதவில் போய் முட்டியது. புதுக் கூரையை இறக்க இடம் போதாமல் கல்சுவரின் தலையை ஓரடி உடைத்திருந்தார்கள். உடைத்த இடத்தை யாரும் பூசவில்லை. பிறகு வந்த யாரோ ஒருவர் புகைபோக்கியைத் தட்டி விழுத்தி, அடுப்பு வாயைச் செங்கல்லால் அடைத்திருந்தார். வேறொருவர் விறாந்தையின் பாதியைப் பலகையால் மூடி அறையாக்க, அடுத்த அறையின் யன்னல் குருடானது. புதிதாக இடம் தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் பழையதில் எங்காவது வெட்டுத்தான் விழுந்திருந்தது.

கடைசி வெட்டு எங்கள் வீட்டுக்காரருடையது. அவர் ஓய்வுபெற்ற மேசன், வயதான வெள்ளைக்காரர். ஒரு வீட்டை இரண்டு வாடகை வீடாக்க, கவுன்சிலுக்குச் சொல்லாமல் தன் கையாலேயே நடுவில் மறித்தார். எங்கள் பக்கம் நடுக் கல்சுவர் முழுவதையும் ஜிப் போர்ட் என்று இங்கே சொல்லும் வெள்ளை அட்டையால் மூடி வர்ணம் அடித்தார். கல்வீட்டின் முன்கதவு அந்த அட்டைக்குப் பின்னால் போய்விட்டது. அதை நான் கண்டுபிடித்தது கணக்குப் பிசகியதால். வெளியே அளந்த நீளத்துக்கும் உள்ளே அளந்த அறைகளின் கூட்டுத்தொகைக்கும் இரண்டடிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அட்டையை விரலால் தட்டிக்கொண்டு போனேன். கல் இருந்த இடமெல்லாம் செத்த சத்தம். நடுவில் மூன்றடி அகலத்துக்கு மட்டும் மேளம் மாதிரி ஒலித்தது.

அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் படம் முடியாது. ஒரு மத்தியானம் முன்பக்கத்துக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயதிருக்கும். மெலிந்த பெண். வெயில் நாளிலும் கை முழுக்க மூடிய சட்டை போட்டிருந்தாள். தமிழ் ஜெபக்கூட்டத்தில் பார்த்துத் தலையசைத்திருக்கிறோம், கதைத்ததில்லை. அங்கே அவளுடைய கணவனைத் தெரியாதவர்கள் இல்லை. கம்ப்யூட்டர் வேலை, நல்ல சாரீரம், பாட்டுகளை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். பெண்கள் எல்லோரையும் "சிஸ்டர்" என்பார்.

"வீட்டை அளக்கப் போறீங்களா? எதுக்குக்கா?" என்று கேட்டாள்.

"சும்மா. எனக்கு வேற வேலை தெரியாது" என்றேன்.

அவள் சிரித்தாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று மாதம், என் காலை வேலை முடிந்து வந்த நாட்களில், அவளுடைய கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில், நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டை அளந்தோம். கூரைக்குள்ளேகூட ஏறினோம். சுவர்த்தாளின் ஓரத்தைக் கிளப்பி, அதற்குக் கீழே இன்னொரு தாள், அதற்குக் கீழே இன்னொன்று, எல்லாவற்றுக்கும் கீழே பலகையில் ஆணியடித்த சாக்குத் துணி என்று எண்ணினோம். அவள் கெட்டிக்காரி. நான் சொல்லாமலே அளவை உரக்க வாசிப்பாள். மணி நாலரை ஆனால் மட்டும் நாடாவைக் கீழே வைத்துவிடுவாள். "அக்கா, அவங்க வர்ற நேரம்" என்பாள். தரையில் விழுந்த சுண்ணாம்புத் தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு என்னை அனுப்பிவிடுவாள்.

நடைவழியின் கடைசியில் ஒரு அலுமாரி இருந்தது. கல்சுவரின் தடிப்புக்குள், பழைய வாசலின் பள்ளத்தில், வீட்டுக்காரர் முன்னால் இரண்டு பலகைக் கதவு போட்டு அமைத்தது. இடுப்பளவில் குறுக்கே ஒரு தடித்த தட்டு. பின்சுவராக இருந்தது பழைய முன்கதவின் வெளிப்பக்கம். பச்சை வர்ணம் செதிள் செதிளாக உரிந்திருந்தது. அளவுகளைக் குறித்துக்கொண்டேன். அகலம் மூன்றடி, ஆழம் இரண்டடி. வெளியே அலுமாரிக் கதவில், என் கண் உயரத்தில், ஒரு பெரிய தாழ்ப்பாள் இருந்தது. புதிய பித்தளை. வீட்டிலிருந்த வேறு எந்தக் கதவிலும் அப்படி ஒன்று இல்லை.

"உதுக்கு ஏன் வெளியிலை இவ்வளவு பெரிய தாழ்ப்பாள்?"

"எலி வருதுன்னு அவங்க போட்டாங்கக்கா."

எலிக்குத் தாழ்ப்பாளா என்று நான் கேட்கவில்லை. தட்டுக்குக் கீழே, பச்சை வர்ணத்தில், நகத்தால் கீறிய மாதிரிக் கோடுகள் இருந்தன. அவற்றையும் பார்த்தேன். படத்தில் தாழ்ப்பாளின் உயரத்தைக் குறித்தேன், கீறல்களைச் சின்னக் கோடுகளாகப் போட்டேன். எதையும் விடாமல் குறிப்பது பதினொரு வருடப் பழக்கம். குறித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தேன். இதை நான் எனக்கு இன்னும் மன்னிக்கவில்லை.

சத்தங்கள் அதற்கு முன்பும் கேட்டிருந்தன. மரச்சுவரில் ஒரு உடம்பு மோதும் சத்தத்தை வேறு எதனுடனும் குழப்ப முடியாது. முதல் தடவை கேட்டபோது நான் எழும்பினேன். கணவர் என் கையைப் பிடித்தார்.

"பேசாமல் இரும். உது அவையின்ர குடும்ப விசயம்."

"அடிக்கிறான், கேக்கேல்லையே உங்களுக்கு?"

"கேக்குது. எங்கட விசா அலுவல் இன்னும் முடியேல்லை. பொலிஸ் எண்டு போனால் கேள்வி எங்களிட்டையும்தான் வரும்."

அவர் கோழை இல்லை. ஊரில் அவரை ஆமிக்காரர் இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போய், இரண்டாவது தடவை ஒன்பது நாள் வைத்திருந்து தலைகீழாகக் கட்டி அடித்திருந்தார்கள். சீருடை போட்ட எவரைக் கண்டாலும் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். மங்கரேயில் விமானநிலையச் சரக்குக் கிடங்கில் வேலை செய்தார். அங்கே வாசல் காவலாளி அடையாள அட்டையைக் கேட்டாலே அன்று முழுவதும் சாப்பிட மாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் நானும் இருந்துவிட்டேன். மறுநாள் அவள் கன்னம் வீங்கி வந்து "வழுக்கி விழுந்துட்டேன்க்கா" என்றபோது, மஞ்சள் அரைத்துப் பூசினேன்.

மூன்றாம் மாத முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. ஜெபக்கூட்டம் முடிந்து மத்தியானம் எல்லோரும் திரும்பியிருந்தோம். அன்று கூட்டத்தில் அவள் ஒரு வயதான அம்மாவிடம், நான் வீட்டைப் படமாக வரைவதையும், தான் உதவி செய்வதையும் பெருமையாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய கணவருக்கு அது அதுவரை தெரியாது. கேட்டுக்கொண்டு நின்றார், சிரித்தார், அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். முதலில் அவருடைய குரல். பாடும்போது இருக்கும் அதே குரல், சத்தம் கூடினாலும் பிசிறில்லாமல். "எவளுக்குடி என் வீட்டைத் திறந்து காட்டுன? எத்தனை நாளா?" பிறகு அடி. நான் எண்ணினேன். ஷெல் விழும்போதும் எண்ணுவேன், அது என்னையறியாமல் வரும். ஏழு வரை எண்ணினேன். பிறகு ஏதோ இழுபடும் சத்தம் நடைவழி நீளத்துக்கு வந்து, எங்கள் சுவருக்குப் பின்னால் நின்றது. கதவு அறைந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

நான் அறைக்குள் வந்து அட்டையில் காதை வைத்தேன். ஒரு முழத் தூரத்தில் அவள் மூச்சு கேட்டது. மூச்சு என்று சொல்ல முடியாது. தண்ணீருக்குள் இருந்து இழுப்பது மாதிரி ஒரு கொரகொரப்பு.

"தங்கச்சி" என்றேன்.

கீறும் சத்தம் வந்தது. பிறகு, மிகவும் மெல்ல, "அக்கா, மூச்சு விட முடியல."

கணவர் கதவடியில் நின்றார். அவருக்கும் கேட்டது.

"பொலிசுக்கு அடியுங்கோ" என்றேன்.

அவர் ரெலிபோனை எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார். அவருடைய விரல் எண்ணில் போய் நிற்கவில்லை. நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பின்வளவில் வீட்டுக்காரர் தோட்டம் கிண்ட வைத்திருந்த அலவாங்கு என்னும் கடப்பாரை கொட்டிலில் சாத்தியிருந்தது. மழையில் ஓடிப்போய் அதை எடுத்து வந்தேன். மேளம் மாதிரிச் சத்தம் வந்த இடம் எது என்று எனக்கு ஒரு அங்குலம் பிசகாமல் தெரியும். ஓங்கிக் குத்தினேன்.

அட்டை பப்படம் மாதிரி உடைந்தது. வெள்ளைத் தூள் கண்ணையும் வாயையும் அடைத்தது. பெரிய துண்டுகளைக் கையால் பிய்த்து எறிந்தேன். பின்னால் குறுக்குச் சட்டங்கள்; அவற்றை அடித்துக் கழற்றினேன். அதற்குப் பின்னால் கதவு. கருங்காலி மாதிரி இருண்ட, தடித்த பலகை, என் நெற்றி உயரம்தான். மேலும் கீழும் நீட்டு ஆணியால் நிலையோடு அறைந்திருந்தார்கள். அலவாங்கின் நுனியை இடுக்கில் செருகி முழு உடம்பாலும் தொங்கினேன். முதல் ஆணி ஒரு அலறலோடு வெளியே வந்தது. இரண்டாவது ஆணி வர மறுத்தது. நிலை பிளந்தது.

சத்தம் கேட்டு அவளுடைய கணவர் மறுபக்கம் ஓடி வந்துவிட்டார்.

"சிஸ்டர், என்ன பண்றீங்க?" குரலில் இன்னும் மரியாதை இருந்தது. "இது எங்க வீட்டு விஷயம். நீங்க போங்க."

"அவளை வெளியிலை விடு!"

"நான் போலீஸைக் கூப்பிடுவேன். வீட்டை உடைக்கிறீங்கன்னு சொல்லுவேன்."

"கூப்பிடடா!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் ஒரு ஆம்பிளையை நான் அப்படி அழைத்ததில்லை.

மூன்றாவது ஆணி வந்தது. கதவு எங்கள் பக்கமாகத் திறக்கும் கதவு. இழுத்தேன். எத்தனையோ வருடம் திறக்காத கதவு கீலோடு பிய்ந்து என் மேல் சாய, அதோடு அவளும் வந்து விழுந்தாள். முழங்கால் மார்போடு மடங்கியபடியே விழுந்தாள், நிமிரவில்லை. மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வாய் முழுக்க இரத்தம். முன்பல் ஒன்று உதட்டுக்குள் குத்தி நின்றது. கணவர் ஓடி வந்து அவளைத் தோளில் பிடித்துக் குசினிப் பக்கம் இழுத்தார்.

அதே நேரம் அலுமாரியின் முன்கதவு திறந்தது. குறுக்கே தட்டு இருந்ததால் அவரால் நின்றபடி வர முடியவில்லை. தட்டுக்குக் கீழே தவழ்ந்து வந்தார். முதலில் தலை, பிறகு ஒரு கை. அந்தக் கை நீண்டு அவளுடைய காலைப் பிடித்தது. நான் அலவாங்கை இறக்கினேன்.

முன்கை முறிந்தது. அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். ஊரில் எத்தனை உடைந்த வீடுகளை, எத்தனை உடைந்த ஆட்களைப் பார்த்தும் திருப்பி அடிக்க ஒருவரும் கிடைக்காமல் வந்தவள் நான். அந்த நிமிடத்தில் அவர் முகம் எனக்கு ஒரு முகமாகவே தெரியவில்லை. இரண்டாவது தடவை ஓங்கினேன். இந்தத் தடவை தலைக்கு.

அலவாங்கு கீழே வரவில்லை. பின்னாலிருந்து கணவர் அதைப் பிடித்திருந்தார்.

"போதும்" என்றார். "விடுமப்பா. விடும். செத்துப்போவான்."

"சாகட்டும்."

"அவன் செத்தால் உம்மை ஆர் வெளியிலை எடுக்கிறது?"

என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து அலவாங்கை வாங்கினார். பிறகு ரெலிபோனிடம் போனார். இந்தத் தடவை எண்ணை அழுத்தினார். தன் பெயரையும் முகவரியையும் திரும்பத் திரும்ப, எழுத்துக் கூட்டிச் சொன்னார். பொலிஸ் வரும்வரை அலவாங்கோடு அந்த ஓட்டைக்கு முன்னால் நின்றார். அந்த மனிதர் அலுமாரிக்குள் கிடந்து முனகினார்.

பொலிஸ் வந்ததும் கதை தலைகீழானது. அவருக்கு நல்ல ஆங்கிலம். கையைத் தாங்கியபடி, எனக்கு யுத்தத்தில் மனம் பேதலித்துவிட்டது என்றும், சுவரை உடைத்துக்கொண்டு வந்து இருவரையும் தாக்கினேன் என்றும் நிதானமாகச் சொன்னார். அவளிடம் கேட்டார்கள். துவாயால் வாயை மூடியபடி தலையை ஆட்டினாள். ஓம் என்றா இல்லை என்றா யாருக்கும் விளங்கவில்லை. என் உடம்பு முழுக்க வெள்ளைத் தூள், கையில் இரத்தம், அறைக்குள் உடைந்த சுவர். என்னைத்தான் முதலில் வண்டியில் ஏற்றினார்கள். கணவர் மழையில் வண்டிக்குப் பின்னால் தெரு முனைவரை நடந்து வந்ததைப் பின்கண்ணாடியில் பார்த்தேன்.

நிலையத்தில் ஒரு பொலிஸ்காரி என்னோடு கதைத்தார். உயரமான, மெதுவாகப் பேசுகிற பெண். என் ஆங்கிலம் உடைந்து உடைந்து வந்தது. கடைசியில் ஒரு தாள் கேட்டேன். வீட்டை வரைந்தேன். நினைவிலிருந்தே, அளவோடு. கல்சுவர், நடைவழி, அலுமாரி, தட்டு, வெளியே தாழ்ப்பாள், உள்ளே கீறல்கள். பெரிய படம் எங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, மூன்று மாதமாக வரைந்தது என்றேன். அவர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"தாழ்ப்பாள் வெளிப்பக்கமா? நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

"இந்தக் கோடுகள் என்ன?"

நகத்துக்கு ஆங்கிலச் சொல் அந்த நேரம் வரவில்லை. கையை உயர்த்தி விரல்களை மடக்கிக் காட்டினேன். அவர் எழும்பி வெளியே போனார். அன்று பொழுதுபடுவதற்குள் அந்த அலுமாரியைப் படமெடுத்துவிட்டார்கள். என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவள் வாயைத் திறந்தது இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில். தாடை கட்டியிருந்தது. அந்தப் பொலிஸ்காரி என் படத்தை அவளுக்கு முன்னால் விரித்து, இது சரியா என்று கேட்டார். மொழிபெயர்க்க நான் கூடாது என்று வேறொரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் வெளியே நடையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. அவள் படத்தில் விரல் வைத்துக் காட்டியதை எட்டிப் பார்த்தேன்.

"இந்தத் தட்டு இருக்குல்ல" என்றாள், பல்லிடுக்கால். "நிக்கவும் முடியாது. காலை நீட்டி உட்காரவும் முடியாது. ஒரு தடவை ராத்திரி பூரா வச்சிருந்தாங்க." அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. மொழிபெயர்த்த பெண் இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஜெபக்கூட்டத்திலிருந்து மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உடைந்த சுவருக்கு முதுகைக் காட்டி இருந்துகொண்டு, "ஒரு குடும்பத்தைப் பிரிச்சுப்போட்டியள், பிள்ளை. கதைச்சுத் தீர்த்திருக்கலாம்" என்றார் ஒரு அம்மா. கணவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பிறகு, அவர் மெதுவாகச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"கதைச்சுத் தீர்க்கிறதெண்டால் அவளின்ர பல்லு விழமுதல் வந்திருக்கோணும். எனக்கும் அது பிந்தித்தான் விளங்கினது. குடிச்சிட்டுப் போங்கோ."

அதற்குப் பிறகு நாங்கள் அந்த ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. அவர்களும் அழைக்கவில்லை.

வழக்கு ஏழெட்டு மாதம் இழுபட்டது. புகைப்படங்களையும் என் படத்தையும் மேசையில் வைத்த பிறகு அவளுடைய கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் வேறு நாட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே பாடுகிறாரோ தெரியாது. கையை உடைத்ததற்கு எனக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள்.

வீடுதான் தப்பவில்லை. பொலிஸ் வந்து போனதில் அனுமதியில்லாத மறிப்புகள் வெளியே வர, கவுன்சிலில் இருந்து ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்காரர் என் முன்னால் நின்று மூச்சு வாங்கக் கத்தினார். "என் சுவரை உடைத்தாய், என் கதவை உடைத்தாய், இப்போது என் வீட்டையே உடைத்துவிட்டாய்" என்றார். அவருடைய அலுமாரியில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மாதத்தில் வெளியேறச் சொன்னார். காணியை அடுத்த கிடங்குக்காரருக்கு விற்றுவிட்டார்.

இடிக்கிற அன்று நான் வேலைக்குப் போகாமல் போய் நின்றேன். இயந்திரத்தின் இரும்புக் கை விறாந்தைத் தூணைத் தட்டியதும் முன்கூரை ஒரு பெருமூச்சோடு இறங்கியது. கவ்ரிப் பலகைகள் முறியும்போது துப்பாக்கி வெடிப்பது மாதிரி இருந்தது. நான் இரண்டு தடவை குனிந்துவிட்டேன். மர அறைகள் மத்தியானத்துக்குள் முடிந்தன. சுவர்த்தாள்கள் அடுக்கடுக்காகக் கிழிந்து சேற்றில் கிடந்தன. பிறகு கல்வீடு மட்டும் தனியாக நின்றது, கட்டியவன் விட்டுப்போன மாதிரி, தெருவைப் பார்த்து ஒரு வாசலோடு. இயந்திரக்காரன் பற்களைச் சுவரில் பதித்தான். பற்கள் வழுக்கின. திரும்பவும் பதித்தான். இரும்பு கல்லில் தீப்பொறி பறக்கக் கத்தியது. அது விழ மூன்று நாள் எடுத்தது. நான் மூன்று நாளும் போனேன். ஏன் என்று கணவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரும் வந்தார்.

எனக்கும் அவருக்கும் இடையில் அந்த ரெலிபோன் நீண்ட காலம் கிடந்தது. அவர் எடுத்து, வைத்து, எடுத்த அந்த அரை நிமிடத்தை நான் கோபம் வந்த போதெல்லாம் அவர் முகத்தில் எறிந்திருக்கிறேன். அவர் ஒருநாளும் தன் கையால் பிடித்து நிறுத்திய அலவாங்கைப் பற்றி எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. இது எனக்கு உறைக்கவே இரண்டு வருடம் ஆனது.

அவள் சில மாதம் பெண்கள் காப்பகத்தில் இருந்தாள். பிறகு மங்கரேயில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை எடுத்தாள். பல் கட்டினாள். மூக்கு முழுவதும் நேராகவில்லை. தொண்ணூறுகள் முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை, வாசலில் ஹோன் அடித்தது. பழைய ஜப்பான் கார் ஒன்றில், கையில்லாத சட்டையோடு அவள் இருந்தாள். முதல் நாள்தான் லைசன்ஸ் கிடைத்ததாம்.

"ஏறுங்கக்கா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

பயந்துகொண்டு ஏறினேன். சந்தியில், நாலு பக்கமும் வாகனம் வரும் சுற்றுவட்டத்தின் நடுவில், கார் நின்றுவிட்டது. பின்னால் லொறிக்காரன் ஒருவன் விடாமல் ஹோன் அடித்தான். அவள் சாவியைத் திருப்பினாள், திருப்பினாள், வரவில்லை. நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். அவள் யன்னலை இறக்கினாள், தலையை வெளியே போட்டாள்.

"பொறுல! எனக்கென்ன காது கேக்காதா? என்ன அடி அடிக்க? மேல ஏத்துவியா? ஏத்துல பாப்போம்!"

அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் ஹோன் நின்றது. அவள் தலையை உள்ளே எடுத்து, சாவியைத் திருப்பினாள். கார் உதறிக்கொண்டு கிளம்பியது.